மதுவை நாடும் சுண்டெலிகளைத் தேர்ந்து இனவிருத்தி செய்வது: உண்மையில் எது கடத்தப்படுகிறது?

கேள்வி
எழுதியவர்: உயிரியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

வணக்கம். கொழும்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் செயற்கைத் தேர்வு பற்றிய பாடத்தில், கறவை மாடு, நெல் இனம் என்ற வழக்கமான எடுத்துக்காட்டுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், மதுவை விரும்பிக் குடிக்கும் சுண்டெலிகளையும் அதை வெறுக்கும் சுண்டெலிகளையும் ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பிரித்து எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். நடத்தையும் தேர்வுக்கு உட்படும் என்பதைக் காட்டுவதே என் நோக்கம். வகுப்பும் ஆர்வமாகக் கேட்டது.

வகுப்பு கலைந்த பிறகு ஒரு மாணவன் புத்தகங்களை அடுக்குவதுபோல நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் போன பின்னர் மேசையருகே வந்து, "மிஸ், எலிக்கு அப்படி வருமெண்டால் மனுசருக்கும் அப்படித்தானே வரும்?" என்று கேட்டான். அவனுடைய தகப்பனார் ஈரல் கரணை நோயால் சென்ற வருடம் இறந்தவர். குடிதான் காரணம் என்பது எங்கள் பாடசாலையில் எல்லாருக்கும் தெரியும். "சூழலும் முக்கியம் மகன்" என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. பாடம் எடுத்தவள் நான், எலியை வகுப்புக்குள் கொண்டுவந்தவளும் நான். ஆகவே அவனுக்குச் சரியான பதில் சொல்லும் பொறுப்பும் என்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெளிவாக வேண்டியவை இவை. இந்தத் தேர்வு எப்படிச் செய்யப்படுகிறது? குட்டிகள் தாயிடம் பழகியதால் அல்லாமல் பரம்பரையலகுகளால்தான் குடிக்கின்றன என்பதை எவ்வாறு பிரித்தறிகிறார்கள்? குடியை நாடச் செய்யும் ஒரு தனிப் பரம்பரையலகு உண்டா? இவற்றையெல்லாம் அறிந்த பின்னர், அந்தப் பிள்ளைக்கு நேர்மையாக என்ன சொல்லலாம்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், வெள்ளவத்தை

அன்புள்ள ஆசிரியைக்கு, கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் இங்கே கொண்டுவந்ததற்கு முதலில் என் மதிப்பு. பிறப்புரிமையியலை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்தக் கதை தேர்வில் தொடங்கவில்லை, ஒப்பீட்டில் தொடங்கியது. 1959ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான ஜெரால்ட் மக்ளேர்ன், டேவிட் ரொஜர்ஸ் ஆகிய இருவரும், பல தலைமுறைகளாக உடன்பிறப்புகளுக்கு இடையே இணைசேர்க்கப்பட்டு ஏறத்தாழ ஒரே பிறப்புரிமையமைப்பைக் கொண்டிருந்த சில தூயவழிச் சுண்டெலிகளுக்கு முன்னால் நீர் ஒரு போத்தலிலும் ஐதான எதனோல் (மதுவில் போதை தரும் பொருள்) இன்னொரு போத்தலிலும் வைத்து, எதை எவ்வளவு குடிக்கின்றன என்று அளந்தார்கள். சி57 எனப்படும் கறுப்புச் சுண்டெலிகள் எதனோலை விரும்பிக் குடித்தன. டிபிஏ எனப்படும் வழியைச் சேர்ந்தவை அதை ஏறக்குறைய தொடவே இல்லை. ஒரே உணவு, ஒரே அறை, ஒரே வகைக் கூடு என்றிருக்க, வழிக்கு வழி இவ்வளவு வேறுபாடு தோன்றியதால், மதுவை நாடுதலில் பரம்பரைக்குப் பங்குண்டு என்பது வலுவாகத் தெரிந்தது. அந்த வேறுபாடு இன்றைக்கும் மாறாமல் இருக்கிறது. 1999இல் ஜோன் கிராப் உள்ளிட்ட மூவர், எட்மண்டன், போர்ட்லண்ட், அல்பனி ஆகிய மூன்று நகரங்களில் ஒரே வழிச் சுண்டெலிகளை ஒரே முறையில் சோதித்தபோது, சில நடத்தைச் சோதனைகளின் முடிவு ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் மாறியது. ஆனால் மதுநாட்டத்தில் வழிகளுக்கிடையிலான வேறுபாடு மூன்று இடங்களிலும் உறுதியாக நின்றது.

தேர்வு இனவிருத்தி என்பது அடுத்த படி. அதற்குத் தூயவழி பயன்படாது, ஏனெனில் தூயவழிக்குள் தேர்ந்தெடுக்க வேறுபாடே இல்லை. எனவே பல தூயவழிகளை ஒன்றோடொன்று கலந்து, எதிருருக்கள் (ஒரே பரம்பரையலகின் வெவ்வேறு வடிவங்கள்) நிறையக் கொண்ட ஒரு கலப்புக் குடித்தொகையை முதலில் உருவாக்குகிறார்கள். இன்டியானாவில் உருவாக்கப்பட்ட எச்.ஏ.பி. என்ற மதுநாடும் வழியும் எல்.ஏ.பி. என்ற மதுவெறுக்கும் வழியும் எட்டுத் தூயவழிகளைக் கலந்த குடித்தொகையிலிருந்து வந்தவை. ஒவ்வொரு சுண்டெலிக்கும் நான்கு வாரங்கள் 10 வீத எதனோலும் நீரும் வைக்கப்படுகின்றன. உடல் நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு நாளுக்கு எத்தனை கிராம் எதனோல் என்று கணக்கிடப்படுகிறது. மிகுதியாகக் குடித்தவற்றைத் தம்முள்ளும், மிகக் குறைவாகக் குடித்தவற்றைத் தம்முள்ளும் இணைசேர்க்கிறார்கள். அடுத்த தலைமுறையில் மீண்டும் அதே அளவீடு, மீண்டும் அதே பிரிப்பு. சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ மூன்று வாரங்கள்தான் என்பதால், மாடுகளில் ஓர் ஆயுட்காலம் பிடிக்கும் வேலையை இங்கே சில ஆண்டுகளில் பார்த்துவிடலாம்.

வகுப்பில் பயன்படுத்தக்கூடிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். இலக்கங்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. குடித்தொகையின் சராசரி 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோராகத் தேர்ந்தவற்றின் சராசரி 8 கிராம். அவற்றின் குட்டிகள் வளர்ந்தபின் சராசரியாக 5.9 கிராம் குடிக்கின்றன. பெற்றோர் குடித்தொகையைவிட 3 கிராம் மேலே நின்றார்கள், பிள்ளைகளோ 0.9 கிராம்தான் மேலே நிற்கிறார்கள். 0.9ஐ 3ஆல் வகுத்தால் 0.3 வருகிறது. இந்த விகிதமே அந்தக் குடித்தொகையில், அந்தச் சூழலில், அந்த இயல்பின் தலைமுறையுரிமை விகிதம். மிகுதியாகக் குடித்த பெற்றோரின் மேலதிகத்தில் பெரும்பகுதி பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தேர்வு வெற்றிபெறுவதற்கு ஒரு தலைமுறையில் கடத்தப்படும் அந்தச் சிறு பகுதி போதும். அதைத் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டு போவதால்தான் பல தலைமுறைகளின் பின்னர் இரு வழிகளும் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு விலகிவிடுகின்றன. எந்த மனிதக் குடும்பமும் இவ்வாறு தலைமுறைதோறும் ஒரே திசையில் தேர்ந்து இணைக்கப்படுவதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிறிய குடித்தொகையில் தற்செயலாகவே சில எதிருருக்கள் நிலைபெற்றுவிடும். மதுநாடும் வழியில் எல்லாம் கறுப்பு மயிராகவும் மற்றதில் எல்லாம் பழுப்பு மயிராகவும் வந்துவிட்டால், மயிர் நிறத்துக்கும் குடிக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாரும் முடிவுகட்டிவிடலாம். அதனால்தான் பொறுப்பான ஆய்வுகளில் ஒரே தேர்வை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டு, மூன்று முறை சமாந்தரமாகச் செய்கிறார்கள். இன்டியானாவின் வழிகளும் அவ்வாறு மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டவை. எல்லா இணைகளிலும் சேர்ந்து வரும் இயல்பு மட்டுமே கருத்திற்கொள்ளத் தக்கது.

அப்படிச் சேர்ந்து வந்தவற்றில் ஒன்று இனிப்பு. மதுநாடும் வழிகள் சக்கரின் கலந்த நீரையும் மிகுதியாகக் குடிக்கின்றன. சி57 சுண்டெலிக்கும் இனிப்பு மிகவும் பிடிக்கும். அதன் 4ஆம் நிறமூர்த்தத்தின் முனையில் இருக்கும் இனிப்புச்சுவை வாங்கியின் பரம்பரையலகு டிபிஏ சுண்டெலியில் வேறு வடிவில் இருக்கிறது. ஆகவே நாங்கள் மதுவுக்காகத் தேர்ந்தெடுத்தோம் என்று நினைத்த இடத்தில் ஓரளவு நாக்கையும் சேர்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறோம். டிபிஏயின் கதை இதைவிட வியப்பானது. மதுவை வாயால் தொடாத அதே சுண்டெலிக்கு எதனோலை ஊசி மூலம் ஏற்றி, ஒரு குறிப்பிட்ட வகைத் தரையில் விட்டுப் பழக்கினால், பின்னர் அது அந்தத் தரையையே நாடிப்போகிறது. போதை அதற்குப் பிடிக்கிறது. வாயில் படும் சுவை பிடிக்கவில்லை. விரும்பிக் குடிக்கும் சி57 இந்தச் சோதனையில் அவ்வளவு நாட்டம் காட்டுவதில்லை.

தாயின் செல்வாக்கு பற்றிக் கேட்டீர்கள். பிறந்த குட்டிகளை இனம் மாற்றி வேறு தாயிடம் வளர்க்கக் கொடுப்பது, தந்தை வழி தாய் வழி என்று மாற்றி மாற்றிக் கலப்பது ஆகிய இரண்டும் வழக்கமான சோதனைகள். 1975இல் சயன்ஸ் சஞ்சிகையில் ரன்டல், லெஸ்டர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு உங்கள் மாணவனுக்கு நேரடியாகப் பயன்படும். பால்மறந்த டிபிஏ குட்டிகளை வளர்ந்த சி57 சுண்டெலிகளோடு வளர்த்தபோது அவை தம் இனத்தோடு வளர்ந்தவற்றைவிடக் கூடுதலாகக் குடித்தன. சி57 குட்டிகளை டிபிஏக்களோடு வளர்த்தபோது அவை குறைவாகக் குடித்தன. பரம்பரை இவ்வளவு அழுத்தமாக எழுதப்பட்ட தூயவழிகளிலேயே கூட வாழ்ந்தவர்களின் பழக்கம் அளவை மாற்றியிருக்கிறது.


பதில் 2
எழுதியவர்: முன்னாள் ஆய்வுகூட உதவியாளர், தெஹிவளை

விரிவுரையாளர் ஐயா எழுதியதற்கு மேல் கோட்பாடாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் வெளிநாடொன்றில் இத்தகைய ஆய்வுகூடத்தில் ஏழு வருடங்கள் கூடுகளைப் பராமரித்தவன் என்பதால், "அளந்தார்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

வளர்ந்த சுண்டெலி ஒன்று 25 கிராம் நிறையுள்ளது என்று எடுங்கள். அது கிலோகிராமுக்கு 10 கிராம் என்ற வீதத்தில் குடித்தால், ஒரு நாளில் அதன் வயிற்றுக்குள் போவது கால் கிராம் எதனோல், அதாவது 10 வீதக் கரைசலில் ஏறக்குறைய 3 மில்லிலீற்றர். ஒரு தேநீர்க் கரண்டியிலும் குறைவு. கூட்டை இழுக்கும்போது கை தட்டிப் போத்தலின் முனையிலிருந்து பத்துச் சொட்டு வடிந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பதிவேட்டில் அது சுண்டெலி குடித்ததாக ஏறிவிடும். அதற்காகவே சுண்டெலி இல்லாத வெறுங்கூடு ஒன்றிலும் அதே இரண்டு போத்தல்களைத் தொங்கவிடுவோம். அதில் வடிந்ததையும் ஆவியானதையும் மற்றக் கூடுகளின் கணக்கிலிருந்து கழிப்போம். நான் அங்கே முதலில் கற்றுக்கொண்டது கூட்டை இழுக்காமல் தூக்குவதைத்தான்.

சுண்டெலிக்குப் பக்கப் பழக்கமும் உண்டு. கூடு கட்டிய மூலைக்கு அருகில் எந்தப் போத்தல் இருக்கிறதோ அதையே நாடும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் போத்தல்களை இடம் மாற்ற வேண்டும். ஒருமுறை நீண்ட விடுமுறை வார இறுதியில் இந்த மாற்றம் விடுபட்டுப்போனது. செவ்வாய்க்கிழமை நிறுத்துப் பார்த்தபோது, வெறுக்கும் வழியைச் சேர்ந்த ஒரு பெண் சுண்டெலி மதுவை அள்ளிக் குடித்ததாகத் தராசு காட்டியது. அது தன் மூலைக்குப் பக்கத்தில் இருந்த போத்தலில் குடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நான்கு நாட்களின் அளவீடுகளையும் தூக்கிவிட்டோம். கவனிக்காமல் விட்டிருந்தால் ஒரு தாய் தவறான வழிக்குள் போயிருக்கும்.

இன்னொரு முறையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆசிரியை அவர்களின் கேள்விக்கு இது முக்கியம். ஒரிகனில் கிராப் குழுவினர் இருளில் குடிக்கும் சுண்டெலிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சுண்டெலி இரவுப் பிராணி. விளக்கு அணைந்து மூன்று மணித்தியாலங்கள் சென்ற பின்னர், அது மிகச் சுறுசுறுப்பாக இருக்கும் வேளையில், நீர்ப் போத்தலை எடுத்துவிட்டு 20 வீத எதனோல் நிரப்பிய குழாயை வைப்பார்கள். மங்கிய சிவப்பு விளக்கில்தான் வேலை, சிவப்பொளி சுண்டெலிக்குச் சரியாகத் தெரியாது. நான்கு மணித்தியாலங்களின் பின்னர் ஒரு சிறு துளி இரத்தம் எடுத்து அதில் எதனோலின் செறிவைப் பார்ப்பார்கள். இங்கே தேர்வு குடித்த அளவுக்கு அல்ல, இரத்தத்தில் ஏறிய அளவுக்கு. தலைமுறைகள் போகப்போக, போதை ஏறும் அளவுக்கு ஒரே மூச்சில் குடிக்கும் சுண்டெலிகள் உருவாகின. ஆனால் அதே சுண்டெலிகளுக்கு நாள் முழுவதும் இரண்டு போத்தல்களை வைத்து மதுநாட்டத்தை அளந்தபோது, தேர்ந்தெடுக்கப்படாத மூலக் குடித்தொகையிலிருந்து அவை பெரிதாக வேறுபடவில்லை. ஒரே மூச்சில் வெறிக்கக் குடிப்பது ஒன்று, நாள் முழுவதும் மதுவை நாடுவது வேறொன்று என்பதை நான் விளங்கிக்கொண்டது அப்போதுதான்.


பதில் 3
எழுதியவர்: உயிரியல் மாணவன், கிருலப்பனை

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இரண்டு ஐயங்கள். இவ்வளவு இயல்புகளும் தனித்தனியானவை என்றால், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கமும் வலிப்பும் எந்த வழியில் சேர்த்தி? மற்றது, வலிப்பு வரும் சுண்டெலிகளைத் தேர்ந்து உருவாக்குவது நியாயமா? இதை வாதத்துக்காகக் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் விலங்குகளைத் தொட வேண்டிய நாள் நெருங்குகிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை.


பதில் 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், வெள்ளவத்தை

தம்பி, முதற் கேள்விக்கு நல்ல விடை உண்டு. கிராப் அவர்களின் குழு இதற்கென்றே தனி வழிகளை உருவாக்கியது. 72 மணித்தியாலங்கள் எதனோல் ஆவியுள்ள அறையில் வைத்து, பின்னர் வெளியே எடுத்து, வாலைப் பிடித்து மெல்லத் தூக்கிச் சுழற்றும்போது எந்த அளவுக்கு வலிப்பு வருகிறது என்று புள்ளியிட்டார்கள். வலிப்புக்கு எளிதில் ஆளாகும் வழி ஒன்றும் தாங்கும் வழி ஒன்றும் வந்தன. இப்போது இதை மதுநாட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். பல தூயவழிகளை ஒப்பிட்டபோது, விரும்பி மிகுதியாகக் குடிக்கும் வழிகளில் நிறுத்தும்போது வரும் வலிப்பு குறைவாகவும், குடிக்காத வழிகளில் அது கடுமையாகவும் இருந்தது. சி57 அதிகம் குடிக்கும், விட்டால் பெரிதாகத் துன்பப்படாது. டிபிஏ குடிக்காது, பலவந்தமாக ஏற்றி நிறுத்தினால் கடுமையாக வலிப்பு வரும். இந்த வலிப்புக்குரிய பரம்பரையலகுகளில் ஒன்றை 2004இல் கரி பக் குழுவினர் 4ஆம் நிறமூர்த்தத்தில் அடையாளம் கண்டார்கள். எம்பிடிஇஸற் என்பது அதன் பெயர்.

இதோடு ஆசிரியை கேட்ட தனிப் பரம்பரையலகுக் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். தனித்தனி வழிகளில் பெரிய விளைவுள்ள விகாரங்கள் (பரம்பரையலகில் நேர்ந்த மாற்றங்கள்) அகப்படத்தான் செய்கின்றன. இன்டியானாவின் மதுநாடும் பெரிய எலிகளில், மூளைக் கலங்கள் குளுட்டமேற் என்ற இரசாயனச் செய்தியைப் பெறும் வாங்கி ஒன்றின் தொகுப்பைப் பாதியிலேயே நிறுத்திவிடும் விகாரம் இருப்பது 2013இல் வெளிவந்தது. சிலி நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட குறைவாகக் குடிக்கும் எலிகளில் மது உடைந்து உண்டாகும் நச்சுப்பொருளை அகற்ற ஈரலின் இழைமணியில் வேலைசெய்யும் அல்டிகைட் டிஹைட்ரோஜினேஸ் நொதியம் வலுக்குறைந்த வடிவில் இருக்கிறது. ஒரே தேர்வு, ஒரு வழியில் மூளையைத் தொட்டிருக்கிறது, இன்னொன்றில் ஈரலைத் தொட்டிருக்கிறது. அதனால் குடிக்கென்று ஒரு பரம்பரையலகு என்ற சொல்லை வகுப்பில் பயன்படுத்த வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இலகுவான விடை இல்லை. 1959இல், மக்ளேர்ன் தன் அளவீட்டை வெளியிட்ட அதே ஆண்டில், வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் ஆகிய இரு பிரித்தானியர்கள் விலங்கை வேறொன்றால் பதிலீடு செய், எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்ற மூன்று கொள்கைகளை முன்வைத்தார்கள். இரண்டு போத்தல்களை வைத்து விலங்கே தெரிந்தெடுக்க விடும் சோதனை எனக்குச் சங்கடம் தரவில்லை. வலிப்புச் சோதனை சங்கடம் தருகிறது. ஆயினும், குடியை ஒரே நாளில் நிறுத்தி வைத்தியசாலையில் வலிப்போடு கிடந்த மனிதர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அந்த வலிப்பு உயிரைக் குடிக்கக்கூடியது. உங்கள் மனம் ஒப்பாத நாளில் அதை விரிவுரையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவனே பின்னாளில் கூடுகளைக் கவனமாகத் தூக்குவான்.


பதில் 5
எழுதியவர்: உளவளத்துணையாளர், மருதானை

ஆசிரியை அவர்களுக்கு, நான் எலிகளை அறியேன். குடியால் சிதைந்த குடும்பங்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். அந்த மாணவனின் கேள்வியை வேறு வேறு குரல்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "எங்கட இரத்தத்திலயே இருக்கு" என்று தகப்பன் சொல்லும்போது அது பெரும்பாலும் குடிப்பதற்கான நியாயம். மகன் சொல்லும்போது அது பயம். ஒரே வசனம்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

பயத்தோடு கேட்பவனிடம் உண்மையை மறைக்கக் கூடாது. இரட்டையர்களையும் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள், மதுவுக்கு அடிமையாகும் ஆபத்தில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ அரைவாசி பரம்பரையோடு தொடர்புடையது என்று காட்டுகின்றன. அது ஒரு பெரிய குடித்தொகையின் வேறுபாட்டைப் பற்றிய கூற்று. இந்தப் பிள்ளைக்கு ஐம்பது வீதம் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்தத் தவறைப் பட்டதாரிகளும் செய்வதைக் கண்டிருக்கிறேன். குடிக்கு அடிமையான பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல், ஆனால் அவர்களில் பலர் அந்த வழியில் போவதே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

மனிதரில் மிக வலுவாக நிறுவப்பட்ட பரம்பரைக் காரணி குடிக்கத் தூண்டுவது அல்ல, குடியிலிருந்து காப்பது. கிழக்காசியரில் பலருக்கு, விரிவுரையாளர் ஐயா சொன்ன அதே அல்டிகைட் நொதியம் வேலை செய்வதில்லை. கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அதே துன்பத்தைச் செயற்கையாக உண்டாக்கித்தான் டைசல்பிராம் என்ற மாத்திரை குடியை நிறுத்தியவருக்குத் துணையாக இருக்கிறது. எங்கள் மக்களிடம் அந்தக் காப்பு வடிவம் அரிது.

எங்கள் நாட்டிலே சாராயமும் கள்ளும் கசிப்பும் எவ்வளவு அருகில் கிடைக்கின்றன என்பது எந்த எதிருருவையும்விட என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. போயா தினத்தில் மதுக்கடை பூட்டியிருக்கும்போது சில வீடுகளில் அன்று மட்டும் இரவு அமைதியாகக் கழிவதைப் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு நாளில் யாருடைய பரம்பரையலகும் மாறிவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்க முடியாது. அந்தச் சட்டம் ஒழுங்காக நடைமுறையில் இருக்குமானால், உங்கள் மாணவன் முதற் போத்தலைச் சந்திக்கும் நாள் இன்னும் சில வருடங்கள் தள்ளிப்போகும். முதற் குடி எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவுக்கு அடிமையாகும் ஆபத்தும் குறைவாகக் காணப்படுகிறது. ஆகவே அவனிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: உனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலான கவனம் தேவை, நண்பர்கள் முதற் கிளாஸை நீட்டும்போது உன் தகப்பனாரின் கதையைக் காரணமாகச் சொல்லி மறுப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

இன்னொன்று. தகப்பனை இழந்த பிள்ளை அவன். பரம்பரை பற்றிக் கேட்கும்போது, அப்பா கெட்டவரா, நோயாளியா என்பதையும் சேர்த்தே கேட்கிறான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சிறிது நேரம் ஒதுக்குங்கள்.


பதில் 6
எழுதியவர்: உயிரியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு, விஞ்ஞான அறையில் இருந்து பேசினேன். 5, 8, 5.9 என்ற கணக்கைத் தாளில் அவனைக்கொண்டே போடச் செய்தேன். 0.9 என்று வந்ததும், "மிச்சம் எங்க மிஸ் போகுது?" என்று கேட்டான். அந்த மிச்சத்தைப் பற்றித்தான் அரைமணித்தியாலம் பேசினோம். சி57 குட்டிகளை டிபிஏக்களோடு வளர்த்த கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னான். தகப்பனாரைப் பற்றியும் கொஞ்சம் பேசினான். அதை இங்கே எழுத மாட்டேன்.

போகும்போது ஒரு கேள்வி கேட்டான், அதற்கு எனக்கு உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. மதுநாடும் வழியில் பிறந்த ஒரு சுண்டெலிக்கு வாழ்நாள் முழுவதும் நீர்ப் போத்தல் மட்டுமே வைத்தால், அது என்ன ஆகும்? அதன் குட்டிகள் என்ன ஆகும்?


பதில் 7
எழுதியவர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், வெள்ளவத்தை

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். பிறப்புரிமையியலில் தேர்வெழுதும் பலர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். அந்தச் சுண்டெலி நீரைக் குடித்து, தீனி தின்று, மற்றச் சுண்டெலிகளைப் போலவே வாழ்ந்து முடியும். அது மதுநாடும் வழியைச் சேர்ந்தது என்பதை அதன் கூட்டில் ஒட்டிய துண்டைப் பார்த்துத்தான் நீங்கள் அறிவீர்கள். அதன் எதிருருக்கள் குடித்ததால் வந்தவை அல்ல, ஆகவே குடிக்காததால் போகவும் மாட்டா. குட்டிகளுக்கு அப்படியே கடத்தப்படும். அந்தக் குட்டிகளுக்கு முன்னால் இரண்டு போத்தல்களை வைத்தால், அவற்றின் நாட்டம் அப்போது தெரியவரும்.

ஐந்தாம் பதிலில் சொல்லப்பட்ட போயா தினத்தையும் இதையும் அவன் தானாகவே பொருத்திப் பார்க்கிறானா என்று காத்திருங்கள். அவனுக்கு விருப்பமென்றால், சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு உங்களோடு அழைத்து வாருங்கள். தாயம் உருட்டி ஐந்து தலைமுறைத் தேர்வைத் தாளிலேயே செய்து பார்க்கும் பயிற்சி ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை அவனுக்குக் காட்டுகிறேன்.